சொல்லிக்கொள்ளாமல் போன மாருதி

ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு நின்ற மாருதி 800 இப்போது எங்கே? தொழிற்சாலை நிறுத்திய நாளில் ஒரு கார் சாவதில்லை. சாலையைவிட்டு இறங்க அது இன்னும் பல வருடங்கள் எடுத்துக்கொள்கிறது. யாரும் கவனிக்காத அந்த வருடங்களின் கதை இது.

சென்னையில் சற்று வயதான அடுக்ககம் எதற்குள்ளாவது நுழைந்து பாருங்கள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால், சாம்பல் நிறக் கவர் போர்த்திய சின்ன உருவம் ஒன்று நிற்கும். கவர்மேல் பூனை படுத்திருக்கும். துணி நைந்து கிழிந்த இடத்தில் வெள்ளைத் தகரம் எட்டிப் பார்க்கும். நான்கு டயரும் காற்றிறங்கித் தரையோடு அப்பியிருக்கும். வாட்ச்மேனைக் கேட்டால் ஃபிளாட் எண்ணைச் சொல்வார். உரிமையாளர் மாடியில் முட்டிவலியோடு இருப்பார். இல்லையென்றால் மகளோடு வெளிநாட்டில் இருப்பார். அசோசியேஷன்காரர்கள் நோட்டீஸ் ஒட்டி அலுத்துப் போயிருப்பார்கள்.

கவரைத் தூக்க வேண்டியதில்லை. அளவே சொல்லிவிடும். மூன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஒன்றரை மீட்டரை எட்டாத அகலம். மாருதி 800.

இந்தக் கார் செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா? ஓடி வருடக்கணக்காகிறது. ஆனால் ஆர்.சி.யை யாரும் ரத்து செய்யவில்லை. ஆர்.டி.ஓ. பதிவேட்டில் அதற்கு இன்னும் ஒரு வரி இருக்கிறது. சாலையில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. ஒரு கார் மறைவதில் இப்படி ஒரு திரிசங்கு சொர்க்கம் உண்டு.

1983 முதல் 2014 வரை 28 லட்சத்துக்கும் மேற்பட்ட மாருதி 800 கார்கள் தயாராயின. அவற்றில் 26 லட்சத்துக்கும் மேல் இந்தியாவிலேயே விற்றன. இவ்வளவு கார்களும் நம் கண் முன்னால்தான் காணாமல் போயின. எப்போது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஊரெல்லாம் காக்கை பறக்கிறது. செத்த காக்கையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கருவேலிக்காரர் கொண்டுவந்த கார்

இந்தக் கார் வந்தபோது நிலைமை நேர்மாறு. எல்லோர் கண்ணும் அதன்மேல்தான். அதுவரை நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்றால் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்றுமே ஐரோப்பாவில் பழசாகிப்போன வடிவங்கள். கார் வைத்திருப்பவர் பாதி மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டிய காலம் அது.

1981-ல் அரசு நிறுவனமாக மாருதி உத்யோக் பிறந்தது. அதை முன்னின்று கட்டி எழுப்பியவர் வி. கிருஷ்ணமூர்த்தி. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்து, திருச்சி பெல் ஆலையில் பேரெடுத்தவர். 1982-ல் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு ஒப்பந்தமானது. 1983-ல் முன்பதிவு தொடங்கியதும் பத்தாயிரம் ரூபாய் கட்டிவிட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள். கார் எப்படி இருக்கும் என்று ஓட்டிப் பார்த்தவர் அவர்களில் யாரும் இல்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். குலுக்கலில் பெயர் விழுந்து அதைப் பெற்றுக்கொண்டவர் டெல்லியைச் சேர்ந்த ஓர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். விலை சுமார் 47,500 ரூபாய். நம்பர் டி.ஐ.ஏ. 6479. அந்தக் காரைக் கடைசியில் இன்னொரு முறை பார்ப்போம்.

796 சி.சி., மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம், ஏறக்குறைய 650 கிலோ எடை. காகிதத்தில் இது ஒன்றும் பெரிய வண்டி இல்லை. ஆனால் காலையில் சாவியைத் திருகினால் கிளம்பியது. மழையில் நிற்கவில்லை. மேட்டில் கொதிக்கவில்லை. வீட்டுப் பெண்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். டிரைவர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவரும் கார் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. டாக்டரின் கிளினிக் வாசலில் ஒன்று, ஆடிட்டர் வீட்டில் ஒன்று, வங்கி மேலாளர் குடியிருப்பில் ஒன்று என்று வந்து, கடைசியில் கடன் போட்டு வாங்கும் பள்ளி ஆசிரியர் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

பந்தயத்துக்கும் அந்தச் சின்ன இன்ஜின் பயன்பட்டது. கோவையின் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து, கைக்கு எட்டும் செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர் தடத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் கணக்கைத் தொடங்கினார்.

டாக்சிக்குத் தேதி உண்டு

காரின் மறைவு என்றால் நமக்கு நினைவு வருவது டாக்சிகள். மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிக்கு ஆயுள் 20 வருடம் என்று விதி. கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29-ல். எனவே 2023 அக்டோபர் 30 முதல் மும்பையில் பத்மினி டாக்சி இல்லை என்று நாள் குறித்துச் சொல்ல முடிந்தது. கேமராக்கள் போயின, கண்ணீர் மல்கக் கட்டுரைகள் வந்தன. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசிடர்களுக்கும் 15 வருட வரம்பு. அவையும் ஆண்டுவாரியாக, எண்ணிக்கை சொல்லி விடைபெறுகின்றன.

அம்பாசிடரின் கதை யானைக் கதை. இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். 2014 மே மாதம் உத்தர்பாடா ஆலை நின்றபோது நாடே துக்கம் விசாரித்தது. இன்றும் கல்யாண ஊர்வலத்துக்கும், பழைய காலப் படம் எடுப்பவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. அரசியல்வாதி, கலெக்டர், வில்லன் என்று அதற்கு ஒரு கம்பீரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாருதி 800 உற்பத்தி நின்றதும் அதே 2014-ல்தான், ஜனவரி 18 அன்று. பத்திரிகைகள் நாலு நாள் எழுதின. அதோடு சரி. ஏனென்றால் அன்று தெருவில் எங்கு பார்த்தாலும் அது நின்றுகொண்டிருந்தது. எதிரே நிற்பவருக்கு யாராவது இரங்கல் எழுதுவார்களா? குடும்பக் காருக்குச் சாவு தேதி கிடையாது. அது படிப்படியாகக் கரையும்.

முதல் படி: ஷோரூம்

முதலில் அது இறங்கியது ஷோரூமிலிருந்து. 1998-ல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதே சமயத்தில் டாடா இண்டிகா. குடும்பங்களுக்குத் தலை இடிக்காத கூரையும், பின் சீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமும் தேவைப்பட்டன. 2000-ல் மாருதியே ஆல்டோவைக் கொண்டுவந்தது. 2004-ல் விற்பனையில் அது அண்ணனை முந்திவிட்டது. ‘முதல் கார்’ என்ற நாற்காலியிலிருந்து 800 எழுந்துகொண்டது அப்போதுதான்.

அடுத்து வந்தது புகை விதி. 2010 ஏப்ரலில் 13 நகரங்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 4 அமலானது. சென்னையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த இன்ஜினைப் புது விதிக்கு மாற்றச் செலவு செய்ய நிறுவனம் விரும்பவில்லை. எனவே சென்னையில் 800 விற்பனை நின்றது. மதுரை, திருச்சி, கோவை போன்ற ஊர்களில் தடை இல்லாததால் அங்கே தொடர முடிந்தது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சென்னையில் புதிதாக வாங்கப்பட்ட கடைசி 800-க்கு 2025-ல் வயது 15. அதாவது தலைநகரில் புதிதாகப் பதிவான ஒவ்வொரு 800-ம், பதிவுக்கு உரிய 15 வருட முதல் ஆயுளை இன்று முடித்துவிட்ட கார். அதைவிட இளைய 800 ஒன்றைச் சென்னையில் பார்த்தால், அது வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி.

இரண்டாம் படி: கைமாறுதல்

ஷோரூமிலிருந்து போன பிறகும் கார் சாலையில் இருக்கிறது. ஆனால் வேறு ஆட்களோடு. முதல் சொந்தக்காரர் ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் வைத்து, பின் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர் ஒட்டி வைத்திருந்த கார் அது. அவர் பெரிய கார் வாங்கும்போது தங்கை மாப்பிள்ளைக்கு வந்த விலைக்குக் கொடுப்பார். அவரிடமிருந்து கார் புதிதாக ஓட்டப் பழகும் ஒருவருக்குப் போகும். இடித்தாலும் பரவாயில்லை என்ற தகுதியை அடைந்த கார் அது.

அந்தத் தகுதியால்தான் டிரைவிங் ஸ்கூல்கள் அதை வாரி எடுத்துக்கொண்டன. பயிற்சியாளர் காலடியில் இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். கூரைமேல் பலகை. ஒரு தலைமுறைத் தமிழர்கள் எட்டுப் போட்டதும், மேட்டில் அரை கிளட்ச்சில் நிறுத்தக் கற்றதும், கியர் மாற்றும்போது கர்ரென்று சத்தம் வந்து திட்டு வாங்கியதும் அந்த ஸ்டீயரிங்கின் முன்னால்தான். பின்னாளில் டிரைவிங் ஸ்கூல்களும் ஆல்டோவுக்கும் வேகன் ஆருக்கும் மாறின. ஒரு கார் நினைவிலிருந்து மறையத் தொடங்கும் இடம் இது. அதில் ஓட்டக் கற்ற கடைசி ஆளுக்குப் பிறகு, அதன் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று யாருக்கும் கால் சொல்லாது.

பிறகு கார் பெருநகரத்தைவிட்டுச் சிறுநகரத்துக்கும், சிறுநகரத்தைவிட்டுக் கிராமத்துக்கும் போகும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு வாழைத்தார் ஏற்றுவார்கள். பால் கேன் ஏறும். துணி மூட்டை ஏறும். எங்கள் வீட்டு மாருதியை விற்றுச் சில வருடங்கள் கழித்து, ஒரு சந்தை வாசலில் பழக்கமான நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். இளநீர்க் குலைகளுக்கு நடுவில், பின் கண்ணாடியில் எங்கள் குலசாமி பெயர் பாதி உரிந்து அப்படியே இருந்தது. வண்டிக்காரர் அதை எடுக்கவில்லை. சாமி பேராயிற்றே என்று விட்டிருக்கலாம். நின்று விசாரிக்கத் தோன்றவில்லை. ஓர் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் படி: புதுப்பேட்டை

பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருவார்கள். அதனால்தான் உதவாமல்போன எதையும் ‘பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்’ என்கிறோம். காருக்கு அந்தப் பேரீச்சம்பழக் கடை சென்னையில் புதுப்பேட்டை. எழும்பூருக்கு அருகே, கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் கதவு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள்.

உடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பேட்டரி, டயர், ஸ்டீரியோ முதலில் போகும். பிறகு முன் விளக்கு, பின் விளக்கு, கண்ணாடிகள், கதவுகள், சீட்டு. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே செட்டாக இறங்கும். ரேடியேட்டர் தனி. ஒயரிங்கில் செம்பு தனி. கடைசியில் மிஞ்சும் வெற்றுக் கூடு நசுங்கி எடைக்குப் போய், உலையில் உருகிக் கட்டுக்கம்பியாகத் திரும்பி வரும். உங்கள் வீட்டுத் தளத்துக்குள் யாருடைய மாருதி இருக்கிறதோ!

புதுப்பேட்டையை மயானம் என்பது பாதிதான் சரி. ஒரு 800 இங்கே படுத்தால், அதன் உறுப்புகளால் பத்து 800 எழுந்து நடக்கும். ஆரணியில் ஓடும் காரின் வலது கதவு, அம்பத்தூரில் நொறுங்கிய காருடையதாக இருக்கும். வெள்ளைக் காரில் சிவப்புக் கதவு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சாலையில் இன்று ஓடும் ஒவ்வொரு 800-க்குள்ளும் செத்துப்போன வேறு பல 800-கள் இருக்கின்றன.

மறைவின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. கார்கள் கூட்டம் கூட்டமாக உடைபடும் வருடங்களில் பாகங்கள் மலிந்து கிடக்கும்; மிச்சமுள்ள கார்கள் சுகமாக ஓடும். உடைக்கக் கார் வருவது குறைந்ததும் பாகமும் குறையும். கிடைக்காத ஒரு பாகத்துக்காக ஓடிக்கொண்டிருந்த காரும் நிற்கும். முதலில் சாவு பிழைப்பவர்களுக்குச் சோறு போடுகிறது. பிறகு சாவே அரிதாகி, பிழைத்தவர்கள் பட்டினி கிடக்கிறார்கள்.

800-க்கு வாய்த்த அதிர்ஷ்டம், அதற்குச் சொந்தபந்தம் அதிகம். ஆம்னி வேனுக்கும் அதே 796 சி.சி. இன்ஜின். ஆல்டோவில் இருந்ததும் அந்த வம்சத்து இன்ஜின்தான். உற்பத்தியை நிறுத்தியபோது, எட்டிலிருந்து பத்து வருடங்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்று நிறுவனம் உறுதி சொன்னது. அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆம்னி 2019-ல் நின்றது. ஆல்டோ 800 2023-ல் நின்றது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போன பிறகு, ஆபத்துக்கு ரத்தம் கொடுக்க ஆள் குறைந்துவிட்டது. இன்ஜின் பாகம் இன்னும் கிடைக்கிறது. 800-க்கு மட்டுமே உரிய பானெட், மட்கார்டு, முன் கண்ணாடி ரப்பர் ஆகியவற்றுக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. 12 அங்குல டயர் இனி என்ன ஆகும் என்று 800 வைத்திருப்பவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, 2023-ல் எம்.ஜி. காமெட் என்ற குட்டி மின்சாரக் கார் வந்தது. அதன் டயர் அளவு, பிற்கால 800-ன் அதே 145/70 ஆர்12. பேரன் வயதுக்காரன் தாத்தாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்.

நான்காம் படி: கை

தகரம் துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் அது இன்னும் சீக்கிரம். டிரைவர் காலடி மிதியடிக்குக் கீழே, பேட்டரி தட்டுக்கு அடியில், ரன்னிங் போர்டு ஓரத்தில், மழைத்தண்ணீர் தங்கும் இடத்திலெல்லாம் அது உள்ளே இருந்து அரித்துக்கொண்டு வரும். டிங்கரிங்காரர் அரித்ததை வெட்டி, புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசித் தேய்த்துக் கொடுப்பார். தகரத்துக்கு வைத்தியம் உண்டு. வைத்தியருக்கு வயதாவதற்குத்தான் வைத்தியம் இல்லை.

2000-க்கு முந்தைய 800-களில் கார்ப்பரேட்டர். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துப் பிடித்து ஸ்டார்ட் செய்து, சத்தம் சீரானதும் மெல்ல உள்ளே தள்ள வேண்டும். சிறுவனாக இருந்தபோது அந்த சோக்கைத் தள்ளும் உரிமைக்காக அண்ணனோடு சண்டை போட்டிருக்கிறேன். கார்ப்பரேட்டர் சரியில்லையென்றால் மரத்தடி மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, காதைச் சாய்த்து, அரைத் திருகு கால் திருகு திருப்புவார். இன்ஜின் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாட ஆரம்பிக்கும். எந்த அளவு சரி என்பது அவர் காதில் இருந்தது.

2000-ல் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பெட்ரோலை அளந்து தெளிப்பது கணினியின் வேலையானது. அதன் பிறகு தொழிலுக்கு வந்த பையன்கள் ஸ்கேனரைச் செருகிக் கோளாறைத் திரையில் படிக்கிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் செருகுவதற்குத் துளையே இல்லாத காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பெரியவரைக் கூப்பிடுகிறார்கள். பெரியவர் பட்டறைக்கு வாரத்தில் மூன்று நாள் வருகிறார், கண் மங்கிவிட்டது. அவர் முழுதாக வீட்டில் உட்கார்ந்துவிடும் நாளில், அந்தப் பேட்டையில் ஓடும் கார்ப்பரேட்டர் மாருதிகளுக்கு மருத்துவமனை மூடிவிட்டது என்று அர்த்தம்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. அதற்கேற்ற பொருட்களால் கார் செய்வது 2023-ல்தான் தொடங்கியது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் சற்று முன்னதாக மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. தினமும் ஓடும் காருக்கு அது பெரிய தொந்தரவில்லை. மாதக்கணக்கில் கவர் போட்டு நிற்கும் காரின் டேங்குக்குத்தான் கஷ்டம்.

ஐந்தாம் படி: காகிதம்

டெல்லியில் 15 வருடத்தைத் தாண்டிய பெட்ரோல் கார் ஓடக் கூடாது என்று 2014-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோலே போடக் கூடாது என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் நிறுத்திவைத்தார்கள். தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. இங்கே கார் சட்டத்தால் போகவில்லை, கட்டணத்தால் போகிறது.

சொந்தக் காரின் பதிவுக்கு 15 வருட ஆயுள். பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். 2022 ஏப்ரலுக்கு முன் அதற்குக் கட்டணம் 600 ரூபாய். பிறகு ஐயாயிரம். 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி 20 வருடம் தாண்டிய காருக்குப் பத்தாயிரம். இதன்மேல் பசுமை வரி. கட்டாய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். சில பத்தாயிரங்களுக்கு மேல் பெறாத காருக்கு இத்தனையும் கட்ட வேண்டுமா என்று மகன் கேட்பான். கேள்வி நியாயம்தான்.

நியாயமில்லாதது தாமதக் கட்டணம். பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் காருக்கு மாதம் 500 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். ஐந்து வருடம் மறந்திருந்தால் அது மட்டும் 30,000. முதல் வருடம் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று கவர் போட்டு நிறுத்தியவர், ஐந்தாம் வருடம் கவரை எடுக்க நினைத்தால் காரின் விலைக்கு மேல் பாக்கி நிற்கும். அடுக்ககத் தூணுக்குப் பின்னால் நிற்கும் அந்த உருவம் ஏன் திரும்ப எழுவதில்லை என்பதற்குக் காரணம் இன்ஜினில் இல்லை, இந்த வட்டிக்கணக்கில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறதா?

ஓட்ட நினைத்தால்: ஆர்.சி.யில் பதிவு முடியும் தேதியை இன்றே பாருங்கள். முடிவதற்கு முன்பே புதுப்பித்தால் தாமதக் கட்டணம் மிச்சம். வாரம் ஒரு முறையாவது கிளப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பெட்ரோல் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

விற்க நினைத்தால்: பெயர் மாற்றம் முடியும்வரை பொறுப்பு உங்களுடையது. கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

உடைக்க நினைத்தால்: அரசிடம் பதிவுபெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டிச் சாலை வரியில் சலுகை பெறலாம். எங்கு உடைத்தாலும், வண்டி இனி இல்லை என்று 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே

பாகிஸ்தானில் இதே காரின் இரட்டைப் பிறவி சுசுகி மெஹ்ரான் என்ற பெயரில் ஓடியது. 1989-ல் தொடங்கி 2019 வரை அங்கே தயாரானது. இலங்கையிலும் மாருதி என்றால் முதலில் நினைவுக்கு வருவது 800-தான். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவை. எல்லைக்கு இரண்டு பக்கமும், கடலுக்கு இரண்டு பக்கமும் நடுத்தரக் குடும்பம் ஒரே அளவுக் காரில்தான் நெருக்கியடித்து உட்கார்ந்தது.

இவ்வளவு பேர் உட்கார்ந்த காரைப் பாதுகாக்க யாருக்கும் தோன்றவில்லை. அரிதான பொருளைத்தான் நாம் பொத்திப் பொத்தி வைப்போம். வெள்ளித் தம்ளர் தலைமுறை தாண்டும். எவர்சில்வர் தம்ளர் தாண்டாது. 28 லட்சம் இருந்ததே 800-க்கு எமனாக அமைந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்து, எல்லோருமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டோம்.

சட்டத்தின் கண்ணிலும் இப்படித்தான். 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி ‘வின்டேஜ்’. அதற்குத் தனி நம்பர், தனி மரியாதை. 20 வருடம் தாண்டியது பழைய வண்டி. அதற்கு அபராதம்போல் கட்டணம். இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவிலுள்ள முப்பது வருடப் பள்ளத்தில் அதற்கு உபயோகமும் இல்லை, பெருமையும் இல்லை. மனிதர்களில் ரிட்டயர்மென்ட்டுக்கும் சதாபிஷேகத்துக்கும் நடுவில் இருப்பவர்களைக் கேட்டால் இதன் அர்த்தம் தெரியும்.

முதல் மாருதி, டி.ஐ.ஏ. 6479, அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்த கார். அதன் சொந்தக்காரர் 2010-ல் இறக்கும்வரை அதை விற்கவில்லை. அவர் போன பிறகு நாட்டின் முதல் மாருதியும் மற்ற மாருதிகளைப்போலவே வெயிலிலும் மழையிலும் வெளியில் நின்று துருப்பிடித்தது. பிறகு நிறுவனம் அதை எடுத்துச் செப்பனிட்டுத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. 2033 டிசம்பரில் அதற்கு ஐம்பது நிறைகிறது. அன்றைக்கு மாலை மரியாதை நிச்சயம் நடக்கும்.

அதற்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது முதல் கார் என்ற பெயர். தூணுக்குப் பின்னால் நிற்கும் காருக்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. பதினாறு லட்சமாவது காரோ, இருபத்துமூன்று லட்சமாவது காரோ. அதில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனவர் இருக்கிறார், அந்தக் குழந்தையை அதே காரில் கல்லூரியில் சேர்க்கக் கொண்டுபோய் விட்டவர் இருக்கிறார். அவர்தான் மேல் மாடியில் முட்டிவலியோடு இருக்கிறார்.

நாளைக்கோ மறுநாளோ பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வாசலில் வருவார். வாட்ச்மேன் இன்டர்காமில் மாடிக்குக் கூப்பிட்டுக் கேட்பார். பதில் வர ஒரு நிமிடம் ஆகும். இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைப்பார் பெரியவர். கவர்மேல் இருக்கும் பூனை இடத்தைவிட்டு அசையாது.